அசைவூட்டக் காணொலி பார்த்த பிரிவுக்கு இதயம் ஏன் சரியாகப் புரியவில்லை?

பத்தாம்வகுப்பு_அறிவியல் எழுதியது:

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மனித இதயம் பற்றிய பாடத்தை ஒரு பிரிவுக்குத் திறன்மிகு வகுப்பறைத் திரையில் அசைவூட்டக் காணொலியாகக் காட்டினேன். அடுத்த பிரிவுக்கு மின்சாரம் இல்லாமல் போனதால், பாடநூல் படத்தையும் கரும்பலகையையும் வைத்தே நடத்த வேண்டியதாயிற்று. காணொலி பார்த்தவர்களிடம் ஆர்வம் மிகுதியாக இருந்தது. புரிந்ததா என்று கேட்டதும் எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

மறுநாள் இரண்டு பிரிவுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தேன். பாகங்களின் பெயரை எழுதுவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் “வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுருங்கும் அதே கணத்தில் இடது வெண்ட்ரிக்கிள் என்ன செய்துகொண்டிருக்கும்?” என்ற வினாவுக்கு, காணொலி பார்த்த பிரிவில் பெரும்பாலோர் “விரிந்துகொண்டிருக்கும்” என்றோ, “வலது பக்கத்தின் வேலை முடியும் வரை காத்திருக்கும்” என்றோ எழுதியிருந்தார்கள். கரும்பலகைப் பிரிவில் இந்தப் பிழை குறைவாகவே இருந்தது. அசைவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அசைவு பற்றிய வினாவிலேயே தவறு நேர்வது எப்படி என்று விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, இதில் வியக்க ஒன்றும் இல்லை. திரையில் ஓடுவதைப் பிள்ளைகள் வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள். நான் இதயத்தை வரையும்போது முதலில் நான்கு அறைகள், பிறகு நடுச்சுவர், பிறகு வால்வுகள், கடைசியாக நாளங்கள் என்று வரிசையாகப் போவேன். சுண்ணக்கட்டி நகரும் வேகத்தில்தான் பிள்ளையின் கண்ணும் நகரும். எந்தக் காணொலியும் வகுப்பின் முகத்தைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. மேல்நிலை வகுப்பு வரை இந்தத் திரைகளே தேவையில்லை என்பது என் கருத்து.

சட்டகம்24 எழுதியது:

கல்விக் காணொலிகளுக்கு அசைவூட்டம் செய்வது என் தொழில். ஆசிரியர் அம்மா சொன்ன பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்பதைக் காணொலியைப் பார்க்காமலேயே என்னால் ஊகிக்க முடிகிறது. இதயத்தைப் பற்றி வரும் கதைப்பலகைகள் (காட்சிகளை வரிசையாக வரைந்த முன்திட்டங்கள்) பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு துளி இரத்தத்தை, அல்லது ஒரு சிவப்பணுவை, கதாநாயகனாக்கி அதன் பின்னாலேயே கேமரா போகும். உடலிலிருந்து வரும் துளி வலது ஆரிக்கிளுக்குள், அதாவது மேலறைக்குள், நுழைகிறது, மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கு வருகிறது, அது சுருங்கியதும் நுரையீரலுக்குப் போய் நிறம் மாறித் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. ஒரு துளியின் பயணம் என்ற அளவில் இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் வலது அறை சுருங்குவது காணொலியின் இருபதாவது நொடியிலும் இடது அறை சுருங்குவது ஐம்பதாவது நொடியிலும் வந்தால், பார்க்கும் பிள்ளை கதையின் வரிசையை இதயத்தின் வரிசையாகவே எடுத்துக்கொள்ளும். நிலைப்படத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கின்றன. எது முன், எது பின் என்ற பொய்யைச் சொல்ல அதற்கு வழியே இல்லை.

விலங்கியல்_முதுநிலை எழுதியது:

சட்டகம்24 அவர்கள் சொன்னதுதான் காரணம் என்று நானும் கருதுகிறேன். நாளங்களின் பாதையாகப் பார்த்தால் வலதும் இடதும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. காலத்தால் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே துடிக்கின்றன. இந்த இரண்டு வரிசைகளையும் ஒரே அசைவில் காட்ட முற்படும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு சுழற்சி 0.8 நொடி. அதில் ஆரிக்கிள்கள் இரண்டும் சுருங்க ஏறத்தாழ 0.1 நொடி, வெண்ட்ரிக்கிள்கள் இரண்டும் சுருங்க 0.3 நொடி, எஞ்சிய 0.4 நொடி முழு இதயமும் தளர்ந்திருக்கும். ஒரு துளி இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருவதோ பல துடிப்புகளுக்குப் பரவும் செய்தி. இரண்டு வெவ்வேறு கால அளவுகளை ஒரே காட்சியில் கலந்தால் ஆசிரியரே இடையில் நிறுத்திப் பிரித்துச் சொன்னால் ஒழியப் பிள்ளைகள் தாமாகப் பிரித்துக்கொள்ள மாட்டார்கள்.

அலைநீளம் எழுதியது:

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கற்றலில் படங்களின் பங்கு பற்றிய ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருவதால், இங்கே பேசப்படும் செய்தி அத்துறையில் எப்படி அணுகப்பட்டிருக்கிறது என்று சொல்ல விழைகிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா ட்வெர்ஸ்கியும் அவருடன் பணியாற்றிய மோரிசன், பெத்ரான்கூர் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. அசைவூட்டம் நிலைப்படத்தை வென்றதாக அதுவரை அறிவித்த ஆய்வுகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் பலவற்றில் ஒப்பீடே நேர்மையாக இல்லை: அசைவூட்டம் பார்த்த குழுவுக்கு நிலைப்படக் குழுவுக்குக் கிடைக்காத நுண்ணிய படிநிலைகளும், சில இடங்களில் தாமே இயக்கிப் பார்க்கும் வாய்ப்பும் சேர்ந்தே கிடைத்திருந்தன. அந்தக் கூடுதல் செய்தியை நீக்கிவிட்டால் அசைவுக்கென்று தனியாக எஞ்சும் நன்மை மிகக் குறைவு என்பது அவர்களின் முடிவு. அதோடு இரண்டு நிபந்தனைகளையும் முன்வைத்தார்கள். படத்தின் அமைப்பும் கற்க வேண்டிய கருத்தின் அமைப்பும் ஒத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அசைவு, பார்ப்பவர் பிழையின்றி உள்வாங்கிக்கொள்ளக்கூடிய வேகத்திலும் எளிமையிலும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. துளியின் பின்னால் ஓடும் காணொலி முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடுகிறது. இரண்டு அறைகளும் ஒரே நேரத்தில் சுருங்குவதுதான் பாடம் என்றால், திரையிலும் அவை ஒரே நேரத்தில் சுருங்கியாக வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம், ஒரு நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்துச் சிந்திக்கும் நம் செயல்நினைவின் சிறிய கொள்ளளவு. ஜான் ஸ்வெல்லர் 1980-களில் உருவாக்கிய அறிதல்சுமைக் கோட்பாட்டைப் பின்பற்றியவர்கள் இதைப் பிற்காலத்தில் ‘மறையும் தகவலின் விளைவு’ என்று விரித்தார்கள். தாளில் உள்ள படம் எங்கும் போகாது. ஐயம் வந்தால் கண் திரும்பிச் சென்று பார்த்துக்கொள்ளும். அசைவூட்டத்திலோ முந்தைய சட்டகம் மறைந்துவிட்டிருக்கும். அதை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே அடுத்ததையும் பார்த்து இரண்டையும் தொடர்புபடுத்த வேண்டிய நிலையில், ஏதேனும் ஒன்று நழுவிவிடுகிறது.

கரும்பலகை ஐயாவுக்கு ஒரு சொல். தாங்கள் பேசிக்கொண்டே வரைவதும் ஒருவகை அசைவூட்டமே. டாப்ளர் விளைவுப் பாடத்தை வைத்து ஃபியோரெல்லாவும் மேயரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே வரைந்து முடித்த படங்களைச் சுட்டிக்காட்டி விளக்கியதைவிட, ஆசிரியர் விளக்கிக்கொண்டே வரைவதைப் பார்த்தவர்கள், குறிப்பாக முன்னறிவு குறைந்தவர்கள், நன்றாகக் கற்றார்கள். எனவே தங்கள் அனுபவத்துக்கு ஆய்வின் ஆதரவு உண்டு. திரையே தேவையில்லை என்ற முடிவுக்குத்தான் அது போதாது.

கரும்பலகை எழுதியது:

நான் செய்துவந்ததும் அசைவூட்டம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஐயா, நாளிதழ்களில் ‘அசைவூட்டம் கற்றலை மேம்படுத்துகிறது என ஆய்வு நிறுவியது’ என்று எழுதுகிறார்களே, அது முற்றிலும் பொய்யா?

அலைநீளம் எழுதியது:

பொய் என்று சொல்ல முடியாது. பாதியை மட்டும் சொல்லும் செய்தி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹோஃப்லரும் லாய்ட்னரும் 2007-இல் 26 ஆய்வுகளிலிருந்து 76 ஒப்பீடுகளை எடுத்துத் தொகுத்தார்கள். அசைவூட்டத்துக்குச் சாதகமாக 0.37 என்ற சராசரி விளைவளவு (இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்) கிடைத்தது. சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட அளவு அது. ஜெனீவாவின் பெர்னேயும் பெத்ரான்கூரும் 2016-இல் 61 ஆய்வுகளின் 140 ஒப்பீடுகளைத் தொகுத்தபோது அது ஏறத்தாழ 0.23 ஆகச் சுருங்கியது. ஆகச் சராசரியில் நன்மை உண்டு, ஆனால் சிறியது.

சராசரிக்குள் மறைந்திருக்கும் வேறுபாடுதான் நமக்குப் பயன்படும். 2007 தொகுப்பாய்வில், அசைவு வெறும் அலங்காரமாக இல்லாமல் கற்க வேண்டிய பொருளையே காட்டிய இடங்களில்தான் நன்மை கிடைத்தது. கைவினை, உடலியக்கம் சார்ந்த செயல்முறைகளைக் கற்கும் இடங்களில் விளைவளவு 1.06 வரை உயர்ந்தது. கல்வி ஆய்வில் 1-ஐத் தாண்டும் விளைவளவு எளிதில் காணக்கிடைப்பதல்ல.

செவிலியர்_பயிற்றுநர் எழுதியது:

கடைசியாகச் சொல்லப்பட்டதற்கு நான் சாட்சி. காயக்கட்டு போடுவதைக் கற்பிக்கும்போது, கணுக்காலுக்கான எட்டு வடிவக் கட்டை எத்தனை நிலைப்படங்கள் காட்டினாலும் மாணவியர் துணிச்சுருளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடுமாறுவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கை எப்படித் திரும்பியது என்பதுதான் பாடமே. அதை எந்தப் படமும் காட்டுவதில்லை. கையசைவைக் காட்டும் ஒரு நிமிடக் காணொலி அந்தத் தடுமாற்றத்தை நீக்கிவிடுகிறது.

அதிலும் கேமரா எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எதிரில் நின்று எடுத்த காணொலியில் இடவலம் மாறித் தெரியும். செய்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தால் மாணவி தன் கையையே பார்ப்பதுபோல் இருக்கும். மின்சுற்று ஒன்றை இணைக்கக் கற்பித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்றிலும் செய்பவரின் கண்ணோட்டத்தில் எடுத்த காணொலியே சிறந்தது என்று எங்கள் பயிலரங்கில் சொன்னார்கள்.

இதயப் பாடத்தோடு இதை ஒப்பிட்டால் ஒன்று தோன்றுகிறது. கட்டுப் போடுவதில் மாணவி அந்த அசைவைத் தானே திரும்பச் செய்யப் போகிறாள். வெண்ட்ரிக்கிள் சுருங்குவதை எந்த மாணவியும் செய்துபார்க்கப் போவதில்லை; ஏன் சுருங்குகிறது, சுருங்கும்போது எந்த வால்வு மூடுகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு கற்றல்கள்.

அலைநீளம் எழுதியது:

மிகச் சரியாகப் பிரித்தீர்கள், அம்மா. பின்னதைச் சோதித்த ஆய்வுகளில்தான் நிலைப்படம் தலைநிமிர்கிறது. மேயர், ஹெகார்ட்டி முதலியோர் 2005-இல் நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டார்கள்: மின்னல் உருவாவது, கழிப்பறைத் தொட்டியில் நீர் பாய்ந்து நிரம்புவது, கடலலை, மகிழுந்தின் நிறுத்தி. ஒரு குழுவுக்குக் குரல் விளக்கத்துடன் கணினி அசைவூட்டம். மற்றக் குழுவுக்கு அதே சொற்களும் அசைவிலிருந்து தேர்ந்தெடுத்த சில நிலைப்படங்களும் அச்சிட்ட தாள். நினைவிலும், கற்றதைப் புதிய சிக்கலுக்குப் பயன்படுத்துவதிலுமாக நடந்த எட்டு ஒப்பீடுகளில் நான்கில் தாள் குழு முந்தியது. மற்ற நான்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அசைவூட்டம் ஒன்றில்கூட முந்தவில்லை.

காரணமாக அவர்கள் சொல்வது இது: அடுத்தடுத்த இரண்டு நிலைப்படங்களுக்கு நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கற்பவர் தாமே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பே கற்றல். ஹெகார்ட்டி தம் குழுவினருடன் 2003-இல் வெளியிட்ட தொட்டி ஆய்விலும், நிலைப்படத்தைப் பார்த்து அடுத்து எது நகரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னது புரிதலைக் கூட்டியது.

ஆயத்தொலை எழுதியது:

ஐயாவின் கடைசி எடுத்துக்காட்டில் எனக்கு ஓர் இடறல். ஒரு குழுவுக்குத் தாள், மற்றதற்குக் கணினி. ஒன்றில் வாசிப்பு, மற்றதில் கேட்பு. ஒன்றில் தன் வேகம், மற்றதில் இயந்திரத்தின் வேகம். இத்தனையும் சேர்ந்து மாறும்போது வெற்றியை நிலைப்படத்தின் கணக்கில் மட்டும் எழுதலாமா? ட்வெர்ஸ்கி பிறர்மேல் வைத்த அதே குற்றச்சாட்டு இங்கே தலைகீழாகப் பொருந்துகிறதே.

அலைநீளம் எழுதியது:

பொருந்துகிறது. அவ்வாய்வு ‘அசைவா, நிலையா’ என்ற தூய வினாவுக்கு விடையன்று. நூல் போன்ற ஊடகத்தையும் காணொலி போன்ற ஊடகத்தையும் வகுப்பறையில் நாம் சந்திக்கும் அதே வடிவில் ஒப்பிட்டது என்றே கொள்ள வேண்டும். ஆசிரியர் அம்மாவின் இரண்டு பிரிவுகளும் அப்படித்தான் வேறுபட்டன.

தன் வேகம் என்பதைத் தனியே சோதித்ததும் உண்டு. மேயரும் சாண்ட்லரும் 2001-இல் மின்னல் அசைவூட்டத்தை 16 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘தொடர்க’ என்ற பொத்தானை வைத்தார்கள். படமும் சொல்லும் துளியும் மாறவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தவர்கள், தடையின்றி ஓடியதைப் பார்த்தவர்களைவிடப் புதிய சிக்கல்களுக்கு நல்ல விடைகள் தந்தார்கள்.

ஆயத்தொலை எழுதியது:

அப்படியென்றால் கணக்குப் பாடத்திலிருந்து நானும் ஒன்று சேர்க்கிறேன். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடுகளின் வரைபடம் இருக்கிறது. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில், a-இன் மதிப்பை மாற்றும் நழுவியை இழுத்தால் y = ax² என்ற வளைவு விரிவதும் ஒடுங்குவதும் கவிழ்வதும் கண்முன் நடக்கும்; பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பகுதிகளும் இவ்வகைப் பயிற்சிகளைத் தருகின்றன. நான் கவனித்த வரையில், வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்துச் சில வளைவுகளைத் தன் கையால் வரைந்த மாணவனுக்கு நழுவி ஒரு பெரிய திறப்பு: தான் தனித்தனியாக வரைந்தவை எல்லாம் ஒரே குடும்பம் என்று அவனுக்குத் தெரிகிறது. ஒரு வளைவும் வரையாதவனுக்கு அது திரையில் ஆடும் கோடு மட்டுமே. a எதிர்க்குறி ஆகும் இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ‘கவிழ்ந்தது’ என்பான். ஏன் கவிழ்ந்தது என்றால் விடை வராது.

கல்யூகா 2008-இல் நேர்கோட்டு, இருபடிச் சமன்பாடுகளின் வரைபட மாற்றங்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. முன்னறிவு குறைந்தவர்களுக்கு வரிசையாக அடுக்கிய நிலைப்படங்களும், முன்னறிவு மிக்கவர்களுக்கு அசைவூட்டமும் ஏற்றவையாக இருந்தன. நம் வழக்கமோ இதற்கு நேர்மாறு: புதிய பாடம் என்றாலே ‘முதலில் காணொலி போடுங்கள், ஆர்வம் வரட்டும்’ என்பார்கள்.

ஒரு_பெற்றோர் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பாடநூலின் விரைவுக் குறியீட்டை வருடிக் காணொலி பார்க்கிறாள். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய மணற்கேணி செயலியிலும் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் ‘எல்லாம் தெரியும்பா’ என்கிறாள். நூலை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகர்வதில்லை. இது சோம்பலா, காணொலியின் குறையா?

அலைநீளம் எழுதியது:

இரண்டும் இல்லை, ஐயா. தங்குதடையின்றி ஓடுவதைப் பார்க்கும்போது மனம் அந்த எளிமையையே தன் புரிதலின் அளவாக எடுத்துக்கொள்கிறது. பைக்கும் ஷ்ராவும் 2013-இல் இதைப் ‘புரிந்துவிட்டதாகத் தோன்றும் மயக்கம்’ என்ற பெயரிலேயே ஆராய்ந்தார்கள். ஷ்னோட்சும் ராஷும் 2005-இல் பூமியின் நேர வலயங்களைப் பற்றிய பாடத்தில், கற்பவர் தாமே மனத்தில் செய்ய வல்ல கற்பனையை அசைவூட்டம் முந்திக்கொண்டு செய்துகொடுத்தால் கற்றல் குறையக்கூடும் என்று காட்டினார்கள். வகுப்பில் எல்லாக் கைகளும் உயர்ந்ததாக ஆசிரியர் அம்மா எழுதியதும் இதுவே. கை உயர்த்திய பிள்ளைகள் பொய் சொல்லவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. காணொலியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கட்டும். வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், முதன்முறை பார்க்கும்போது அது வேண்டாம்.

சட்டகம்24 எழுதியது:

வேகம் பற்றி ஒரு மறுகுறிப்பு. வேகத்தைக் கூட்டுவது எப்போதும் கெடுதல் இல்லை. எதைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. பூ மலர்வது, நிழல் நகர்வது போன்ற மெதுவான மாற்றங்கள் வேகம் கூட்டினால்தான் அசைவாகவே தெரியும். ஊசல் கடிகாரத்தின் இயக்கத்தை வைத்து ஃபிஷர், லோ, ஷ்வான் ஆகியோர் 2008-இல் செய்த ஆய்வைப் படித்தபோது என் தொழிலில் பலகாலம் உணர்ந்தது தெளிவாயிற்று. இயல்பான வேகத்தில் ஆடும் ஊசல் கண்ணைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கடிகாரத்தை உண்மையில் ஓட்டும் எடைக்கட்டி மிக மெதுவாக இறங்குவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வேகத்தைக் கூட்டியபோது எடைக்கட்டி கவனத்துக்கு வந்தது, புரிதலும் கூடியது.

ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லோ வானிலை வரைபட அசைவூட்டங்களிலும் இதைத்தான் கண்டார். வானிலை அறியாத புதியவர்கள் திரையில் எது துள்ளி நகர்கிறதோ அதைக் கவனித்தார்கள். எது முக்கியமோ அதை விட்டுவிட்டார்கள்.

எங்கள் தொழிலின் உள்விவகாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பொருள் நகரத் தொடங்கும்போது மெல்லத் தொடங்கி, நடுவில் வேகம் கூடி, நிற்கும்போது மெல்ல அடங்குவதுபோல் அசைக்க எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். மென்பொருளும் தானாகவே அப்படிச் செய்துவிடும். கேலிச்சித்திரப் பூனைக்கு அது உயிர் தரும். அதையே நீர் மூலக்கூறுக்குச் செய்தால் மூலக்கூறு எதையோ யோசித்து, இலக்கை நோக்கிச் சென்று, பார்த்துப் பதமாக இறங்குவதுபோல் தெரியும். செல்லுக்குள் சுமை தூக்கி நடக்கும் கைனசின் புரதத்தை அழகிய அசைவூட்டங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் ஓர் அடி 8 நானோமீட்டர். உண்மையில் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்க, அது தள்ளாடித் தடுமாறித்தான் முன்னேறுகிறது. செல்லுக்குள் இடமும் நெரிசலாக இருக்கும். அந்த நெரிசலையும் தடுமாற்றத்தையும் துடைத்துவிட்டு வெட்டவெளியில் ஒய்யாரமாக நடக்கவிட்டால் படம் அழகாகிறது, அறிவியல் நழுவுகிறது. பணம் தருபவர் கேட்பது பெரும்பாலும் அழகைத்தான். கூடவே பின்னணி இசையையும் கேட்பார். விளக்கக் குரலுக்கு அடியில் ஓடும் இசை கற்றலைக் குறைப்பதாக மொரேனோவும் மேயரும் 2000-இலேயே காட்டிவிட்டார்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். சிரித்துவிட்டு இசையைப் போடச் சொல்வார்கள்.

கரும்பலகை எழுதியது:

இப்போது எனக்கு ஓர் ஐயம். ஒலி போன்ற நெட்டலையை நான் இத்தனை ஆண்டுகளும் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் வரைந்துதான் காட்டியிருக்கிறேன். துகள் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது, நெருக்கம் மட்டும் பயணம் போகிறது என்று சொல்லில்தான் விளக்க முடிந்தது. அங்கே அசைவூட்டம் உதவுமா, அல்லது கடலலைப் பாடம்போல் அங்கும் தாளே போதுமா?

அலைநீளம் எழுதியது:

அங்கே அசைவூட்டத்தின் பக்கம்தான் என் வாக்கு. துகளின் அசைவும் அலையின் அசைவும் வெவ்வேறு என்பதே அப்பாடத்தின் உயிர். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதைக் காணாமல் அதை மனத்தில் கட்டி எழுப்புவது புதியவருக்குக் கடினம். ஆனால் ஒரே ஒரு துகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் நெருக்கத்தின் பின்னால் ஓடிவிடும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்ற இலவச உருவகத் தொகுப்பில், கயிற்றில் ஓடும் அலைக்கு ஒன்று இருக்கிறது. அது குறுக்கலைதான் (துகள் அலையின் திசைக்குக் குறுக்காக ஆடுவது) என்றாலும், நிறுத்தவும், மெதுவாக்கவும், ஒவ்வொரு படியாக நகர்த்தவும் அதில் வசதி உண்டு. அதில் தொடங்கிவிட்டு நெட்டலைக்குத் தங்கள் கோடுகளுக்கே திரும்பலாம்.

பத்தாம்வகுப்பு_அறிவியல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதயப் பாடத்தைக் காணொலி பார்த்த பிரிவுக்கு மறுபடி எடுக்கப் போகிறேன். எண்ணியிருப்பது இது: முதலில் படத்தைப் பலகையில் வரைந்து, வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கினால் எந்த வால்வுகள் மூடும் என்று மாணவர்களையே எழுதவைப்பேன். அதன்பின் துளியைப் பின்தொடராமல் முழு இதயமும் துடிப்பதைக் காட்டும் பகுதியை மட்டும், குரலை அணைத்துவிட்டு, மெதுவாக ஓட்டுவேன். எழுதியதையும் பார்த்ததையும் அவர்களே ஒப்பிடட்டும். இதில் மாற்ற வேண்டியது உண்டா?

சட்டகம்24 எழுதியது:

0.8 நொடிச் சுழற்சியை எட்டு நொடிக்கு நீட்டுங்கள். அதற்கு மேல் நீட்டினால் துடிப்பு என்ற உணர்வே போய்விடும். பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கும் காணொலி இயக்கி (மென்பொருள்) இல்லாவிட்டால் சட்டகம் சட்டகமாக நகர்த்துங்கள். கீழே ஒரு காலக்கோட்டைப் பலகையிலேயே வரைந்து, ஆரிக்கிள் எப்போது, வெண்ட்ரிக்கிள் எப்போது என்று இரண்டு பட்டைகளாகக் குறித்துவைத்தால், மறைந்துபோகும் சட்டகங்களுக்கு மறையாத துணை ஒன்று இருக்கும்.

விலங்கியல்_முதுநிலை எழுதியது:

திட்டம் நன்று. இரண்டு வினாக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் வலது, இடது வெண்ட்ரிக்கிள்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இரத்தத்தை, ஓய்வில் 70 மில்லிலிட்டர் போல, வெளியேற்றுகின்றன. அப்படியிருக்க இடது சுவர் மட்டும் ஏன் தடித்திருக்கிறது? இதற்கு விடை எந்தக் காணொலியிலும் அசைந்து தெரியாது. நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் தேவைப்படும் அழுத்த வேறுபாட்டை நினைத்துப் பார்த்தே சொல்ல முடியும்.

மற்றது, நிறுத்த வேண்டிய இடம் பற்றியது. வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கியதும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடிக்கொள்ளும்; ஆனால் உள்ளே அழுத்தம் போதிய அளவு ஏறும் வரை, தமனிகளின் வாயிலில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் திறக்காது. ஏறத்தாழ 0.05 நொடி நீளும் அந்த இடைவெளியில் சரியாகப் படத்தை நிறுத்தி, இப்போது திறந்திருப்பது எந்த வால்வு என்று கேளுங்கள். நான்கும் மூடியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பவர்களிடம், அப்படியானால் இதயத் துடிப்பின் முதல் ஒலியான ‘லப்’ ஏற்கெனவே கேட்டுவிட்டதா, இனிமேல்தான் கேட்குமா என்று அடுத்த வினாவைப் போடுங்கள். மெதுவாக்கிய காணொலியில் அந்தக் கணம் வராமலே தாண்டிப் போனால், அதைச் செய்தவர் அந்தப் படிநிலையை விட்டுவிட்டார் என்று பொருள். அந்த ஒரு சட்டகத்தை மட்டும் பலகையில் நீங்களே வரைந்துவிடலாம்.